கிருமி செத்த பிறகும் கண்ணில் பூ விழுந்தது ஏன்? கருவிழிப் புண்ணும் உடலின் எதிர்ப்பும்

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு 61 வயது. அலங்காநல்லூர்ப் பக்கம் இரண்டு ஏக்கரில் கரும்பு போட்டிருக்கிறோம். மாசி மாதம் சோகை உரித்துக்கொண்டிருந்தபோது காய்ந்த சோகையின் ஓரம் அவருடைய வலது கண்ணைக் கீறிவிட்டது. வயல் வேலையில் இது வழக்கம்தான் என்று தண்ணீரில் கழுவிக்கொண்டு பொழுது சாயும்வரை வேலை பார்த்தார். மறுநாள் கண் சிவந்து நீர் கொட்டியதும் அத்தை விளக்கெண்ணெய் விட்டார். நான்காம் நாள் நான்தான் பக்கத்து ஊர் மருந்துக் கடையில் சொல்லி ஒரு சொட்டு மருந்து வாங்கி வந்தேன். அதை விட்ட இரண்டு நாட்களில் சிவப்பு வெகுவாகக் குறைந்தது; வலியும் தணிந்தது. சரியாகிவிட்டது என்று நிம்மதியாக இருந்தோம்.

அதற்கடுத்த நான்கைந்து நாட்களில் கருவிழியின் நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு புள்ளி தோன்றி, ஓரங்கள் இறகுபோலப் பிசிறியபடி பரவத் தொடங்கியது. கண் மருத்துவமனையில் அந்த இடத்தைச் சுரண்டி எடுத்துப் பரிசோதித்துவிட்டு, பூஞ்சையால் வந்த கருவிழிப் புண் என்றார்கள். நான் வாங்கிக் கொடுத்த மருந்தின் அட்டையைப் பார்த்த மருத்துவர், அதில் ஸ்டீராய்டு கலந்திருப்பதாகச் சொல்லி உடனே நிறுத்தச் சொன்னார். பிறகு நேட்டாமைசின் சொட்டு மருந்தை முதலில் மணிக்கு ஒரு முறையும் பின்னர் படிப்படியாகக் குறைத்தும் ஏழு வாரம் விட்டோம். இப்போது பூஞ்சை இல்லை, புண்ணும் மூடிவிட்டது. ஆனால் கருவிழி நடுவே வெள்ளையாகப் பூ விழுந்துவிட்டது. அந்தக் கண்ணால் முகத்துக்கு நேரே காட்டும் விரல்களை எண்ண மட்டுமே அவரால் முடிகிறது.

"பூஞ்சை பாதியைக் கெடுத்தது, அதோடு சண்டை போட்ட உங்கள் உடம்பு மீதியைக் கெடுத்தது" என்று மருத்துவர் சொன்னார். இதுதான் எனக்கு விளங்கவில்லை. விரலில் அரிவாள் பட்டாலும் அதே உடம்புதான் ஆற்றுகிறது. கண்ணை மட்டும் ஏன் கெடுக்க வேண்டும்? உடம்பின் எதிர்ப்புதான் சேதம் செய்தது என்றால், அதை அடக்குகிற ஸ்டீராய்டு நன்மையல்லவா செய்திருக்க வேண்டும்? எங்கள் தெருவில் ஒரு பெரியம்மாவுக்கு ஹெர்ப்பிஸ் கிருமியால் கண்ணில் நோய் வந்தபோது அதே மருத்துவமனையில் ஸ்டீராய்டு சொட்டு கொடுத்துத்தான் குணப்படுத்தினார்கள். ஒருவருக்கு மருந்தாக இருப்பது இன்னொருவருக்கு எப்படி நஞ்சாகிறது? கடையில் மருந்து வாங்கியது நான் என்பதால், நடந்தது என்ன என்று தெரிந்துகொள்ளாமல் என்னால் இருக்க முடியவில்லை.


நுண்ணோக்கி எழுதியது:

ஐயா, உங்கள் கேள்வி மிகச் சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. நான் மருத்துவர் அல்லேன். ஒரு கண் மருத்துவமனையின் ஆய்வகத்தில் கருவிழியிலிருந்து சுரண்டி எடுத்த மாதிரிகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். நான் தினமும் காண்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

உங்கள் தந்தையின் கண்ணில் எடுத்ததைப் போன்ற மாதிரியைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஒரு சொட்டு விட்டால், மனிதச் செல்கள் கரைந்து மங்கிவிடும். பூஞ்சை மட்டும் கண்ணாடி நூல்போலக் குறுக்குச் சுவர்களோடு கிளை பிரிந்து தெளிவாகத் தெரியும். அதே மாதிரியை இன்னொரு தகட்டில் சாயமேற்றிப் பார்த்தால் காட்சி வேறு. அங்கே நூல்கள் சில. அவற்றைச் சுற்றி மொய்த்திருக்கும் வெள்ளையணுக்களோ எண்ணி மாளாதவை. பெரும்பாலும் நியூட்ரோபில் என்னும் வகை, உட்கரு மூன்று நான்கு துண்டுகளாகப் பிரிந்திருக்கும். சாம்பல் நிறப் புள்ளி என்று நீங்கள் வெளியிலிருந்து பார்த்ததில் பூஞ்சையைவிட இந்த அணுக்களின் கூட்டமே அதிகம்.

கருவிழி என்று இங்கே சொல்வது கண்ணின் முன்புறத்தைக் கண்ணாடிபோல மூடியிருக்கும் படலத்தை. அது ஏன் தெளிவாக இருக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் மற்றது தானாக விளங்கும். நடுவில் அதன் தடிமன் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான். அதற்குள் கொலாஜன் என்ற புரதத்தின் இழைகள், தறியில் பாவு போட்டதுபோல ஒரே பருமனில், ஒரே இடைவெளியில், 200க்கும் மேற்பட்ட அடுக்குகளாக அமைந்திருக்கின்றன. தோலிலும் இதே கொலாஜன்தான் இருக்கிறது; அங்கே இழைகள் தாறுமாறாகக் கிடப்பதால் ஒளி ஊடுருவுவதில்லை. இழைகளின் ஒழுங்குதான் கருவிழியின் தெளிவு. அந்த ஒழுங்கு குலைந்தால் தெளிவும் போய்விடும். அரிவாள் பட்ட விரலில் உடம்பு அவசரத்துக்குக் கிடைத்த இழையை வைத்துத் தைத்துவிடுகிறது. தழும்பு இருந்தாலும் விரல் வேலை செய்யும். அதே தையலைக் கருவிழியில் போட்டால் புண் ஆறுகிறது, பார்வை மறைகிறது. உடம்பு இரண்டு இடத்திலும் செய்தது ஒரே வேலைதான்.

இனி அந்த நாட்களில் நடந்ததைச் சொல்கிறேன். மேல்தோல் முழுதாக இருக்கும்வரை பூஞ்சை வித்துகளால் எளிதில் உள்ளே போக முடியாது. இமை துடைத்துவிடும், கண்ணீரில் லைசோசைம் போன்ற காவல் புரதங்கள் இருக்கின்றன. சோகை கீறியபோது கதவும் திறந்தது, வித்துகளும் அதனோடு உள்ளே போயின. பூஞ்சையின் சுவரிலுள்ள பீட்டா குளுக்கான் என்ற சர்க்கரைச் சங்கிலியை அடையாளம் காணும் டெக்டின்-1 என்ற ஏற்பி நம் செல்களில் உண்டு. அது தூண்டப்பட்டதும் செல்கள் இன்டர்லூகின்-1, இன்டர்லூகின்-8 போன்ற செய்திப் பொருள்களைச் சுரக்கின்றன. கருவிழிக்குள் இரத்தக் குழாய் கிடையாது. ஆகவே அதன் விளிம்பைச் சுற்றியுள்ள குழாய்கள் விரிந்து (நீங்கள் கண்ட சிவப்பு இதுதான்) நியூட்ரோபில்களை வெளியே விடுகின்றன. அவை அந்த அடுக்குகளுக்கிடையே நெருக்கிக்கொண்டு புண்ணை நோக்கி நடந்து போகின்றன.

பாக்டீரியா என்றால் நியூட்ரோபில் அதை விழுங்கித் தன் வயிற்றுக்குள்ளேயே கொன்றுவிடலாம். பூஞ்சையின் நூலோ அந்த அணுவைவிடப் பல மடங்கு நீளம், விழுங்க முடியாது. எனவே அது தன்னிடமுள்ள ஆயுதங்களை, அதாவது ஆக்சிஜன் சார்ந்த நச்சுப் பொருள்களையும் எலாஸ்டேஸ், மெட்டலோபுரோட்டினேஸ் ஆகிய புரதம் அறுக்கும் நொதிகளையும், வெளியே கொட்டுகிறது. இந்த நொதிகளுக்குப் பூஞ்சை எது, கருவிழி எது என்று தெரியாது. கொலாஜனும் அறுபடுகிறது. சில கண்களில் கிருமி இறந்த பிறகும் பல நாட்கள் இந்த அரிப்பு நிற்காமல், கருவிழி கரைந்து ஓட்டையே விழுந்துவிடுவதுண்டு. சண்டை ஓய்ந்த பிறகு, இழைகளுக்கிடையே அமைதியாக இருந்த கருவிழிச் செல்கள் உருமாறி, அறுபட்ட இடத்தைத் தாறுமாறான புது இழைகளால் நிரப்புகின்றன. அதைத்தான் நம் ஊரில் பூ விழுந்தது என்கிறோம்.

இதை விலங்குகளில் மிகத் தெளிவாகக் காட்டிய சோதனை ஒன்று உண்டு. அமெரிக்காவின் டெட்ராயிட் நகரில் உள்ள வேய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சூடோமோனஸ் பாக்டீரியாவை இருவகை எலிகளின் கருவிழியில் செலுத்தினார்கள். ஒரு வகைக்கு ஏறக்குறைய ஒரு வாரத்தில் கருவிழி ஓட்டையானது. இன்னொரு வகைக்குக் கண் மெல்லத் தெளிந்தது. ஓட்டையாகும் வகை எலிகளில் சிடி4 எனப்படும் டி அணுக்களை (எதிர்ப்பை வழிநடத்தும் ஒரு வகை வெள்ளையணு) முன்கூட்டியே நீக்கியபோது கருவிழி பிழைத்தது. பாக்டீரியாவை மாற்றவில்லை, மாறியது எலியின் எதிர்ப்பு மட்டுமே. அதற்காக எதிர்ப்பே வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். நியூட்ரோபில்களை அறவே நீக்கிய எலிகளில் கிருமி தங்குதடையின்றிப் பெருகுகிறது. கூட்டம் வரவும் வேண்டும், வேலை முடிந்ததும் கலையவும் வேண்டும்.

கடை மருந்தைப் பற்றி நீங்கள் கேட்டதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. சிவப்பும் வலியும் பெரும்பாலும் பூஞ்சை நேரடியாக உண்டாக்குபவை அல்ல. உடம்பின் எதிர்ப்பு உண்டாக்குபவை. ஸ்டீராய்டு அந்த எதிர்ப்பை அடக்கியதால் சிவப்பு குறைந்தது. பூஞ்சையைக் கொல்லும் மருந்து எதுவும் அப்போது உள்ளே இல்லை. காவலாளிகளைத் தூங்க வைத்துவிட்டுக் கதவையும் திறந்து வைத்ததுபோல, அந்த மருந்து விட்ட நாட்களில் நூல்கள் ஆழத்தை நோக்கி வளர்ந்திருக்கும். குறைந்த சிவப்பைப் பார்த்து நிம்மதி அடையாதவர் யாரும் இல்லை. அந்த நிம்மதியை எண்ணி நீங்கள் உங்களையே நொந்துகொள்ள வேண்டாம்.


பஞ்சுமுனை எழுதியது:

உங்கள் தெருப் பெரியம்மாவுக்கு வந்த நோய்தான் எனக்கும் வந்தது. எனவே அந்தப் பகுதிக்கு நான் பதில் சொல்கிறேன். இடது கண்ணில் நான்கு முறை திரும்பத் திரும்ப வந்து, இப்போது சில ஆண்டுகளாக அடங்கி இருக்கிறது.

முதல் முறை வந்தபோது கருவிழியின் மேல்தோலில் கிளை விட்ட மரம்போல ஒரு புண். அப்போது வைரஸ் அங்கே உயிரோடு பெருகிக்கொண்டிருந்தது. அந்த நிலையில் எனக்கு வைரஸ் எதிர்ப்பு மருந்து மட்டுமே கொடுத்தார்கள். ஸ்டீராய்டைப் பக்கத்தில்கூட விடவில்லை. மூன்றாம் முறை வந்தது வேறு விதம். மேல்தோல் முழுதாக இருந்தது, புண் எதுவும் இல்லை. ஆனால் கருவிழியின் உள்ளடுக்கு நீர் கோத்து, ஆவி படிந்த கண்ணாடிபோல மங்கிவிட்டது. இந்த நிலையில் வைரஸ் பெருகுவதைவிட, அது விட்டுச்சென்ற புரதத் துணுக்குகளைக் கண்டு டி அணுக்கள் நடத்தும் தாக்குதல்தான் பெரிய சேதம் என்று என் மருத்துவர் விளக்கினார். அப்போதுதான் ஸ்டீராய்டு வந்தது. அதுவும் வைரஸ் எதிர்ப்பு மருந்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு, பல வாரங்களில் படிப்படியாகக் குறைக்கும்படி.

இந்த முறைக்கு ஆதாரம் அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஹெர்ப்பிஸ் கண் நோய் ஆய்வு. 1994இல் வெளியான அதன் முடிவின்படி, உள்ளடுக்கு அழற்சி உள்ளவர்களுக்கு வைரஸ் எதிர்ப்பு மருந்தோடு ஸ்டீராய்டும் சேர்த்துக் கொடுத்தபோது, நோய் நீடிப்பதும் முற்றுவதும் 68 சதவீதம் குறைந்தன. அதே குழு 1998இல் வெளியிட்ட இன்னொரு முடிவால்தான் எனக்கு நோய் திரும்புவது நின்றது என்று நம்புகிறேன்: அசைக்ளோவிர் 400 மில்லிகிராம் மாத்திரையை நாளுக்கு இரு வேளை ஓராண்டு எடுத்தவர்களில் 19 சதவீதத்தினருக்கும், எடுக்காதவர்களில் 32 சதவீதத்தினருக்கும் அந்த ஆண்டில் நோய் திரும்பியிருக்கிறது. வைரஸ் முகத்துக்கு உணர்வு தரும் நரம்பின் முடிச்சில் குடியிருப்பதால் அதை அடியோடு ஒழிக்க வழியில்லை. ஒவ்வொரு முறை அது இறங்கி வரும்போதும் எதிர்ப்பு மறுபடி மூண்டு ஒரு தழும்பு கூடுகிறது. எனவே வராமல் தடுப்பதுதான் சிகிச்சை.

ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். பரிசோதனையின்போது மருத்துவர் பஞ்சை நூல்போல முறுக்கி அதன் நுனியால் என் கருவிழியைத் தொட்டார். வலது கண் உடனே சிமிட்டியது. இடது கண்ணில் எதுவும் தெரியவில்லை. அவர் தொட்டாரா என்றே கேட்டேன். நரம்பும் இந்தச் சண்டையில் பட்டுப்போயிருந்தது. அந்தக் கண்ணில் தூசி விழுந்தாலும் எனக்குத் தெரியாது என்பதால் இன்றும் காலை மாலை கண்ணாடி முன் நின்று பார்த்துக்கொள்கிறேன். பெரியம்மாவிடமும் இதைச் சொல்லுங்கள்.


வெண்கோட்டு எழுதியது:

நான் கருவிழிப் பிரிவில் பணிபுரியும் மருத்துவர். மேலே இருவரும் நன்றாக எழுதியிருக்கிறார்கள். ஸ்டீராய்டு பற்றிய கேள்வியை மட்டும் சற்று விரிவாக எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் மருத்துவர்களுக்கிடையிலேயே இது பல பத்தாண்டுகளாக நடந்த வழக்கு. பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து கொடுத்தாகிவிட்டது, கிருமி அடங்கிவிட்டது. இனி எதிர்ப்பை அடக்கினால் தழும்பு குறையுமல்லவா என்று ஒரு தரப்பு கேட்டது. புண் ஆறுவது தாமதமாகும், கருவிழி ஓட்டையாகும் என்று மறுதரப்பு அஞ்சியது.

இதற்கு விடை தேடிய மிகப் பெரிய ஆய்வு நம் ஊரிலேயே நடந்தது. மதுரை, திருநெல்வேலி, கோயம்புத்தூர் அரவிந்த் கண் மருத்துவமனைகளும் அமெரிக்கக் கல்வி நிறுவனங்களும் சேர்ந்து, 2006 முதல் 2010 வரை, பாக்டீரியா என்று உறுதியான 500 நோயாளிகளைச் சேர்த்தன. எல்லாருக்கும் முதல் 48 மணி நேரம் பாக்டீரியாவைக் கொல்லும் மாக்சிஃப்ளாக்சசின் மட்டும். அதன் பிறகு பாதிப்பேருக்கு அதனுடன் ஸ்டீராய்டு, பாதிப்பேருக்கு மருந்தில்லாத வெறும் சொட்டு. மூன்று மாதத்தில் பார்த்தபோது மொத்தத்தில் இரு குழுக்களின் பார்வைக்கும் பெரிய வேறுபாடு இல்லை. பயந்ததுபோல ஓட்டை விழுவதும் கூடவில்லை. ஆனால் தொடக்கத்திலேயே விரல் எண்ணும் அளவுக்கோ அதற்கும் கீழோ பார்வை இழந்திருந்தவர்களுக்கு ஸ்டீராய்டு பலன் கொடுத்தது. மண்ணில் வாழும் நொக்கார்டியா என்ற பாக்டீரியாவால் புண் வந்தவர்களுக்கோ தழும்பு பெரிதானது. அவர்களை ஒதுக்கிவிட்டு ஓராண்டு முடிவில் கணக்கிட்டபோது, ஸ்டீராய்டு பெற்றவர்கள் எழுத்துப் பலகையில் ஏறக்குறைய ஒரு வரி கூடுதலாகப் படித்தார்கள்.

இவ்வளவு கவனமாக நடத்திய அந்த ஆய்வில் பூஞ்சைப் புண் உள்ளவர்களைச் சேர்க்கவே இல்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். பூஞ்சையைக் கொல்ல நம்மிடமுள்ள மருந்துகள் மெதுவானவை, ஆழத்துக்கு எளிதில் இறங்காதவை. நேட்டாமைசின் புட்டியை ஒவ்வொரு முறையும் குலுக்கி விட்டிருப்பீர்கள். அது கரைசல் அல்ல, நீரில் மிதக்கும் நுண்தூள் என்பதால்தான். புண்ணின் மேல் வெள்ளைப் படிவாக ஒட்டிக்கொள்வதையும் கண்டிருப்பீர்கள். அப்படிப்பட்ட மருந்து வேலை செய்து முடிக்கும்வரை நியூட்ரோபில்கள்தான் பாதிச் சண்டையைத் தாங்குகின்றன. அவற்றின் கையைக் கட்டிவிட முடியாது.

ஆகவே ஸ்டீராய்டு மருந்தா நஞ்சா என்ற கேள்விக்கு, எந்தக் கிருமி, அதைக் கொல்லும் மருந்து உள்ளே போய்விட்டதா, எத்தனையாவது நாள் என்ற மூன்றும் தெரியாமல் விடை சொல்ல முடியாது. கண்ணைப் பார்த்து மட்டும் கிருமியை ஊகிப்பதும் ஆபத்து. 1994இன் முதல் மூன்று மாதங்களில் மதுரையில் 434 கருவிழிப் புண் நோயாளிகளைப் பரிசோதித்தார்கள். மூவரில் இருவருக்குக் கண்ணில் அடிபட்ட வரலாறு இருந்தது. கிருமி வளர்ந்த 297 பேரில் 140 பேருக்குப் பாக்டீரியா, 139 பேருக்குப் பூஞ்சை. பூவா தலையா போடுவதற்கும் இதற்கும் வேறுபாடில்லை. சுரண்டிப் பார்க்காமல் ஸ்டீராய்டு கலந்த சொட்டை எடுத்துக் கொடுக்கும் கடைக்காரர் ஒவ்வொரு முறையும் அப்படித்தான் ஒரு கண்ணைச் சுண்டி எறிந்து பார்க்கிறார். இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது; வாரந்தோறும் அந்தக் கண்களைப் பார்க்கிறவன் நான்.

எதிர்ப்பின் சேதத்தைக் குறைக்க இன்றைக்கு நம்மிடமுள்ள நல்ல வழி கிருமியைச் சீக்கிரம் கொல்வதுதான். 2013இல் வெளியான இன்னொரு ஆய்வில் பூஞ்சைப் புண் வந்த 323 பேருக்கு நேட்டாமைசினையும் வோரிகோனசோலையும் ஒப்பிட்டார்கள். புதிய மருந்தான வோரிகோனசோல்தான் வெல்லும் என்று பலரும் எதிர்பார்த்தோம். வென்றது நேட்டாமைசின், ஃபியூசேரியம் பூஞ்சையில் அந்த வேறுபாடு மிகத் தெளிவாக இருந்தது. உங்கள் தந்தைக்குக் கிடைத்தது சரியான மருந்து. நொதிகளின் அரிப்பைக் குறைக்க டாக்சிசைக்ளின் மாத்திரையைச் சேர்த்துக் கொடுக்கும் வழக்கமும் உண்டு. மெட்டலோபுரோட்டினேஸ் வேலை செய்யத் துத்தநாகம் தேவை, அதை அந்த மருந்து பற்றிக்கொள்கிறது.


வைகைக்கரை எழுதியது:

மூவருக்கும் என் நன்றி. படித்துவிட்டு அப்பாவுக்கும் சொன்னேன். இன்னும் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. மருத்துவமனையில் சேர்த்தபோது கண் பாப்பாவுக்குக் கீழே பிறைபோல வெள்ளையாகச் சீழ் தேங்கியிருந்தது. கிருமி கண்ணுக்குள்ளேயே போய்விட்டது என்றுதான் அதற்குப் பொருளா? இப்போது இருக்கும் தழும்பு தானாகக் குறையுமா, அல்லது கண் மாற்று அறுவைச் சிகிச்சைதான் வழியா? அதைச் செய்தாலும் உடம்பு மறுபடி அதையும் தாக்காதா?


வெண்கோட்டு எழுதியது:

பிறைபோல் தேங்கியது பெரும்பாலும் கிருமியே அல்ல. கருவிழியில் நடக்கும் சண்டையின் செய்தி உள்ளே கசிந்து, கிருஷ்ணபடலத்தின் (பாப்பாவைச் சுற்றியுள்ள நிறத் திரை) இரத்தக் குழாய்களிலிருந்து வந்த நியூட்ரோபில்கள் கனத்தால் கீழே படிவதுதான் அது. பாக்டீரியாப் புண்ணில் அந்தச் சீழில் கிருமி இல்லாமலே இருப்பது வழக்கம். பூஞ்சை மட்டும் ஆழமாகப் போயிருந்தால் கருவிழியின் அடிப்படலத்தையும் துளைத்து அந்த அறைக்குள் நுழையக்கூடும். உங்கள் தந்தைக்குச் சொட்டு மருந்திலேயே குணமாகியிருப்பதால் அவ்வளவு தூரம் போகவில்லை என்று நினைக்கலாம்.

தழும்பு தானாகக் கொஞ்சம் குறையும், எனவே அவசரப்படாதீர்கள். புது இழைகளை உடம்பு மாதக்கணக்கில் பிரித்துப் பிரித்து அடுக்குகிறது. மூன்றாம் மாதத்துக்கும் பன்னிரண்டாம் மாதத்துக்கும் இடையில் பார்வை மேம்படுவதை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். பார்வைக் குறைவு முழுவதும் வெண்மையால் வருவதுமில்லை. மேற்பரப்பு மேடுபள்ளமாகிவிடுவதாலும் வருகிறது. அந்தப் பங்கைக் கெட்டியான காண்டாக்ட் லென்ஸ் சமன்செய்துவிடும். அறுவைக்கு முன் அந்த லென்ஸை வைத்து எவ்வளவு தெரிகிறது என்று பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

மாற்றுக் கருவிழியை உடம்பு தாக்காதா என்பது அருமையான கேள்வி. 1905இலேயே எட்வார்ட் சிர்ம் என்ற கண் மருத்துவர் இன்றைய செக் நாட்டிலுள்ள ஓலோமோட்ஸ் நகரில் கருவிழி மாற்றி வெற்றி கண்டார். எதிர்ப்பை அடக்கும் மருந்து எதுவும் இல்லாத காலம் அது. அது சாத்தியமானதற்கு, இயல்பான கருவிழியில் இரத்தக் குழாயும் நிணநீர்க் குழாயும் இல்லை என்பது முக்கியக் காரணம். கண்ணின் முன்னறைக்கு எதிர்ப்பை மட்டுப்படுத்தும் தனித்தன்மையும் உண்டு. முயல்களின் கண்ணுக்குள் பிற முயல்களின் தோல் துண்டை வைத்தபோது அது நிராகரிக்கப்படாமல் பிழைத்ததை உயிரியலாளர் பீட்டர் மெடவார் 1948இல் விவரித்தார். புண் வந்த கருவிழிக்குள்ளோ ஓரத்திலிருந்து புதுக் குழாய்கள் ஊர்ந்து வந்துவிடுகின்றன. அவற்றின் வழியே எதிர்ப்பு அணுக்கள் எளிதாக வந்து சேரும் என்பதால் நிராகரிப்பு கூடுகிறது. ஆகவே சிவப்பு முற்றிலும் தணிந்து, குழாய்கள் வற்றி, கண் பல மாதம் அமைதியாக இருந்த பிறகுதான் பார்வைக்கான மாற்று அறுவையைச் செய்கிறோம். அப்போது ஸ்டீராய்டு சொட்டு நீண்ட காலத்துக்குத் தேவைப்படும். உங்கள் வீட்டில் அந்தப் பெயரைக் கேட்டாலே பயம் வரும் என்று தெரியும். ஆனால் அந்தக் கட்டத்தில் அதை நிறுத்தினால்தான் கண் போகும்.


தேனிக்காரி எழுதியது:

நான் ஒரு கிராமப் பார்வை மையத்தில் வேலை செய்கிறேன். எங்களிடம் வருபவர்கள் பெரும்பாலும் நெல் தூற்றும்போது உமி விழுந்தவர்கள், சோகையோ சோளத்தட்டையோ கீறியவர்கள். நாக்கால் தூசி எடுத்தல், தாய்ப்பால் விடுதல், இலைச்சாறு பிழிதல் எல்லாம் முடிந்த பிறகே வருகிறார்கள். அவர்களைக் கடிந்து பயனில்லை. அன்றைக்குக் கையில் எது இருந்ததோ அதைச் செய்திருக்கிறார்கள். ஆனால் கீறல் புண்ணாவதற்கு முன் நமக்குக் கிடைக்கும் அவகாசம் மிகவும் குறுகியது என்பதை எல்லாரும் அறிய வேண்டும்.

நேபாளத்தின் பக்தப்பூரில் கிராமத் தொண்டர்களைக் கொண்டு இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். கண்ணில் கீறல் பட்டவர்களுக்குக் பாக்டீரியாவைத் தடுக்கும் குளோராம்பெனிகால் களிம்பை நாளுக்கு மூன்று வேளையாக மூன்று நாள் போட்டார்கள். 442 கீறல்களில் 96 சதவீதம் தொற்றில்லாமல் ஆறின. கீறல் பட்டு 18 மணி நேரத்துக்குள் களிம்பு போட்டவர்களில் ஒருவருக்குக்கூடப் புண் வரவில்லை. 2001இல் வெளியான செய்தி இது. மேல்தோல் ஓரிரு நாளில் மூடிவிடுகிறது. கதவு மூடிவிட்டால் மேலே நுண்ணோக்கி எழுதிய அந்தப் படையெடுப்பே தொடங்காது. எங்கள் மையத்தில் கீறலோடு வருபவருக்குப் ஆரஞ்சு நிறச் சாயத் தாள் வைத்து நீல ஒளியில் பார்ப்போம். கீறல் பட்ட இடம் பச்சையாகப் பளிச்சென்று தெரியும். அந்த இடம் தெளிவாக இருந்தால் களிம்பு. துளி வெண்மை தெரிந்தாலும் அன்றே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவோம்.

அண்ணா, உங்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் கடை மருந்தின் அட்டையை மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றதால்தான் ஸ்டீராய்டு உடனே தெரிந்து நிறுத்தப்பட்டது. பலர் அதை வழியிலேயே எறிந்துவிட்டு "ஏதோ ஒரு சொட்டு" என்று சொல்கிறார்கள். காலிப் புட்டியானாலும் எடுத்து வரும்படி உங்கள் ஊரில் சொல்லுங்கள்.


வைகைக்கரை எழுதியது:

அடுத்த வாரம் லென்ஸ் வைத்துப் பார்க்க அப்பாவை அழைத்துச் செல்கிறேன். சோகை உரிக்க வரும் நான்கு பேருக்கும் ஓரம் மூடிய கண்ணாடி வாங்கி வைத்திருக்கிறேன். அப்பா தம்முடையதற்குக் கயிறு கட்டி இன்றைக்கே கழுத்தில் மாட்டிக்கொண்டார்.